கணக்கை வாடகைக்கு விடாதே! கயவருக்குத் துணை போகாதே!



22,845 கோடி ரூபாய்! 2024 என்ற ஒரே ஆண்டில் சைபர் மோசடிக் கும்பல்களிடம் இந்திய மக்கள் பறிகொடுத்த தொகை இது. நாம் போட்ட கணக்கல்ல. மத்திய உள்துறை 2025-ல் நாடாளுமன்றத்தில் கொடுத்த கணக்கு. 2023-ல் இது 7,465 கோடியாக இருந்தது. ஒரே ஆண்டில் மூன்று மடங்கு!

இந்தப் பணம் எங்கே போனது? காற்றிலா கரைந்தது? இல்லை. யாரோ ஒருவரின் வங்கிக் கணக்கில்தான் முதலில் வந்து விழுந்தது. திருடன் தன் பெயரிலா கணக்கு வைத்திருப்பான்? அவனுக்கு வேண்டியது அடுத்தவன் பெயர், அடுத்தவன் ஆதார், அடுத்தவன் சிம் கார்டு. இளைஞனே, அதற்காகத்தான் உன்னைத் தேடி வருகிறான்!

உழைக்காமல் வரும் கமிஷன்

படித்து முடித்து வேலையின்றி நிற்பவனிடம் நண்பனுக்கு நண்பனாக ஒருவன் வருவான். "உன் பெயரில் ஒரு கணக்கு ஆரம்பி. பாஸ்புக், ஏ.டி.எம். கார்டு, சிம் மூன்றையும் கொடு. மாதம் சில ஆயிரம் உனக்கு" என்பான். எந்த வேலையும் செய்யாமல் ஏன் பணம் தருகிறான் என்று ஒரு நிமிடம் யோசித்தாயா?

அந்தக் கணக்கில் விழுவது ஏதோ ஒரு முதியவரின் ஓய்வூதியம். ஒரு தாய் தன் மகளின் திருமணத்துக்குச் சேர்த்த காசு. பணம் நிமிடங்களில் பத்துக் கணக்குகளுக்குப் பிரிந்து கைமாறிவிடும். காவல்துறை தேடி வரும்போது கும்பல் தலைவன் இருக்க மாட்டான். உன் முகவரிதான் இருக்கும்! தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவில் மூன்றாண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். "எனக்குத் தெரியாது" என்று சொன்னால் விட்டுவிடுவார்களா? திருட்டுப் பணத்துக்கு வழிவிட்டு வாங்கும் கமிஷன் ஹலாலா ஹராமா என்பதற்கு ஃபத்வா வேறு வேண்டுமா?

வியாபாரிகளே, உங்களுக்கும்தான்!

உடன்குடியில் கருப்பட்டி விற்பவர், காயல்பட்டினத்தில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர், மணப்பாட்டில் மீன் ஏலம் எடுப்பவர் என எல்லோர் கடையிலும் இன்று கியூ.ஆர். அட்டை தொங்குகிறது. எவனோ ஒருவன் மோசடிப் பணத்தில் சரக்கு வாங்கிச் சென்றால், சில ஆயிரம் ரூபாய்க்காக உங்கள் முழுக் கணக்கும் முடங்கும். சரக்கு போட்டவருக்குக் கொடுக்க முடியாது. கூலி கொடுக்க முடியாது. குற்றவாளி ஊர் சுற்றுவான். வியாபாரி வங்கி வாசலில் நிற்பார். இது என்ன நியாயம்?

2023-ல் கேரள உயர் நீதிமன்றம், சந்தேகத்துக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைக்கும்படி வங்கிகளுக்கு உத்தரவிட்டது. 2024-ல் சென்னை உயர் நீதிமன்றமும் முழுக் கணக்கை முடக்கிய ஒரு வழக்கில், சர்ச்சைக்குரிய தொகையை மட்டும் பிடித்து வைத்து, கணக்கை இயக்க அனுமதித்தது. இதை வங்கி மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். கெஞ்சாதீர்கள், கேளுங்கள்!

பயம்தான் அவர்களின் முதலீடு

"உங்கள் ஆதாரில் போதைப்பொருள் பார்சல் வந்திருக்கிறது. தீவிரவாதத்துக்குப் பணம் போயிருக்கிறது. வீடியோவை அணைக்காதே, நீ டிஜிட்டல் கைதில் இருக்கிறாய்!" காக்கிச் சட்டை போட்ட ஒருவன் போனில் மிரட்டுவான். தடாவையும் பொடாவையும் பார்த்த சமுதாயத்துக்கு இந்த மிரட்டல் எவ்வளவு ஆழமாகத் தைக்கும் என்பது அவனுக்குத் தெரியும்.

தெளிவாகக் கேளுங்கள்: டிஜிட்டல் கைது என்று இந்தியச் சட்டத்தில் எதுவுமே இல்லை! எந்தக் காவல் அதிகாரியும் போனில் கைது செய்வதில்லை. வழக்கை முடிக்கப் பணம் அனுப்பச் சொல்வதில்லை. போனை வையுங்கள்.

வெளிநாட்டு வேலை என்ற வலை

2022-ல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன நம் தமிழ் இளைஞர்கள், மியான்மரின் மியாவாடியில் அடைத்து வைக்கப்பட்டு, மோசடி செய்யும்படி வதைக்கப்பட்டார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் 13 தமிழர்கள் மீண்டு வந்தார்கள். கடல் கடந்து பிழைப்பது நம் கரைக்குப் புதிதல்ல. ஆனால் சுற்றுலா விசாவில் வேலைக்கு அனுப்புகிறேன் என்பவன் ஏஜெண்ட் அல்ல, ஆள் பிடிப்பவன்! அரசிடம் பதிவு பெற்றவனா என்று விசாரிக்காமல் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள்.

என்ன செய்ய வேண்டும்?

பணம் போய்விட்டதா? வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். திருடன் பணத்தை எடுப்பதற்குள் தகவல் போனால் வங்கிகள் அதை நிறுத்திவைக்க முடியும். ஒவ்வொரு மணி நேரத் தாமதமும் திருடனுக்கு லாபம். பிறகு தூத்துக்குடி சைபர் கிரைம் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள்.

குலசேகரப்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டிய அரசுக்கு ஒரு கேள்வி: விண்ணுக்கு ராக்கெட் விடத் தெரிந்த நாட்டுக்கு, ஒரு சிம் கார்டு யார் கையில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரியாதா? "ஜாக்கிரதை, ஜாக்கிரதை" என்று போனில் ஒலிபரப்பினால் கடமை முடிந்ததா?

அரசு செய்யட்டும், அதுவரை நாம் சும்மா இருக்கலாமா? ஜமாஅத் நிர்வாகிகளே, வணிகர் சங்கத்தாரே! ஒவ்வொரு ஊரிலும் விவரம் தெரிந்த இரண்டு இளைஞர்களை நியமியுங்கள். ஏமாந்தவர் முதலில் ஓடி வர ஓர் இடம் இருக்கட்டும். ஏமாந்தவரைக் கேலி செய்வதை நிறுத்துங்கள். அந்தக் கேலிதான் அவர் வாயை அடைத்து, திருடனைத் தப்ப வைக்கிறது.

முத்துக்குளித்துறையின் வியாபாரம் வாக்கு நாணயத்தில் வளர்ந்தது. அந்த நாணயத்தை மாதம் சில ஆயிரத்துக்கு விற்கப் போகிறோமா? சிந்திப்பீர்! செயல்படுவீர்!