சரித்திரத்தை எழுதியவன் யார்? கரையை அடைத்தவன் யார்?

1752 ஜூன் மாதம். திருவானைக்காவல் கோயிலுக்குள் பிரெஞ்சுப் பட்டாளம் அடைபட்டுக் கிடந்தது. பக்கத்திலே ஸ்ரீரங்கம் கோயிலுக்குள் சந்தா சாகிபின் ஆட்கள். சுற்றிலும் கிழக்கிந்தியக் கம்பெனிப் பட்டாளமும், தஞ்சாவூர், மைசூர்ப் படைகளும். தீவுக்குள் தானியம் வரும் வழி அடைபட்டது. பிரெஞ்சுத் தளபதி லா சரணடைந்தான். தஞ்சைத் தளபதி மானோஜியின் வாக்கை நம்பிப் போன சந்தா சாகிபின் தலை உருண்டது.

இதெல்லாம் எங்கே எழுதியிருக்கிறது? ராபர்ட் ஓர்ம் என்ற துரை 1763ல் லண்டனில் அச்சிட்ட புஸ்தகத்திலே. துரை யார்? கம்பெனி உத்தியோகஸ்தர். கிளைவின் சிநேகிதர். சென்னையில் கம்பெனி கவுன்சில் மெம்பர். 1769ல் கம்பெனியே அவரைத் தன் சரித்திராசிரியராக நியமித்தது. முதலாளியின் பெருமையை முதலாளியின் சம்பளத்திலேயே எழுதிய மனிதர்!

"அச்சில் இருக்கிறது, ஆகவே உண்மை" என்கிறார்கள் சில பண்டிதர்கள். "வெள்ளையன் எழுதியது, ஆகவே பொய், நம் கோயில் ஒழுகு ஒன்றே பிரமாணம்" என்கிறார்கள் வேறு சிலர். இரண்டு பேருக்கும் நாம் சொல்கிறோம்: ஏட்டைப் பார்க்குமுன் எழுதியவன் யாருடைய சோற்றைத் தின்றான் என்று பாருங்கள். கோயில் ஒழுகும் கோயில் நிர்வாகத்தார் வைத்த ஏடுதான். வயலில் சேறு மிதித்தவன் எழுதியதல்ல. துப்ளேயின் துபாஷி ஆனந்தரங்கம் பிள்ளை நல்ல தமிழிலே நாட்குறிப்பு எழுதினார். அவரும் பெரிய வர்த்தகர்.

இந்த விவகாரம் நம் ஊரோடு நிற்பதல்ல. மெக்சிகோ தேசத்தை ஸ்பானியர்கள் பிடித்த கதையைப் பாருங்கள். கொள்ளைத் தலைவன் கோர்ட்டெஸ் தன் ராஜாவுக்குக் கடிதம் கடிதமாக எழுதினான். அவன் வீட்டுப் பாதிரி கோமாரா, அந்த மண்ணை மிதிக்காமலே, 1552ல் அவனைப் புகழ்ந்து ஒரு சரித்திரம் போட்டார். அதைப் படித்துக் கொதித்தவன் யார் தெரியுமா? அந்தப் படையிலே இருந்த சாதாரணச் சிப்பாய் பெர்னால் டியாஸ். "புகழெல்லாம் தலைவனுக்கு, அடிபட்ட எங்களுக்கு ஒன்றுமில்லையா?" என்ற ஆத்திரத்தோடு கிழவயதிலே தன் கதையைத் தானே எழுதினான். கொள்ளைக்காரர்களுக்குள்ளேயே கூலிச் சண்டை!

1520 மே மாதம், தலைநகரில் திருவிழா. ஆடிக்கொண்டிருந்தவர்களை ஸ்பானியர்கள் வெட்டிக் கொன்றார்கள். "கலகத்துக்குச் சதி செய்தார்கள், முந்திக்கொண்டோம்" என்று வெட்டியவர்கள் தரப்பு. வாசல்களை அடைத்துக்கொண்டு நிராயுதபாணிகளை வெட்டினார்கள் என்று அந்த ஊர்ப் பெரியவர்கள் சொன்னதை, சாககூன் என்ற பாதிரி அவர்கள் பாஷையிலேயே எழுதி வைத்தார். லாஸ் காஸாஸ் என்ற ஸ்பானியப் பாதிரியும் அது படுகொலைதான் என்று எழுதினார். வெட்டியவனின் ஏடு மட்டும் மிஞ்சியிருந்தால்? பொன்மலையிலே 1946 செப்டம்பர் 5ல் ரயில்வே தொழிலாளர்களைச் சுட்ட போலீசின் அறிக்கையை மட்டும் வைத்து அந்த நாளின் சரித்திரத்தை எழுதினால் எப்படி இருக்கும்? தோழர்களே, நீங்களே சொல்லுங்கள்.

அதற்காக ஓர்ம் துரையை அடுப்பிலே போட வேண்டியதில்லை. எதிரியின் வாயிலிருந்தே உண்மை நழுவி விழும். பொறுக்கத் தெரிய வேண்டும். சந்தா சாகிப் கொலைக்கு ஆங்கிலேயர் மானோஜியைக் காட்டினார்கள். பிரெஞ்சுக்காரர் ஆங்கிலேயரைக் காட்டினார்கள். ஆனால் கம்பெனித் தளபதி லாரன்ஸ் பக்கத்திலேயே இருந்தும் தடுக்கவில்லை என்பது கம்பெனிக்காரன் ஏட்டிலிருந்தே தெரிகிறது. ஸ்ரீரங்கம் கோயிலை அண்டி வாழும் பிராமணர்கள் குடும்பங்களோடு 40,000 பேர், சுகமாக உண்டு உறங்குகிறார்கள் என்று துரை எழுதினார். நாற்பதாயிரம் வாய்க்கு நெல் விளைவித்த பள்ளரும் பறையரும் எத்தனை பேர்? துரைக்கு அது தேவைப்படவில்லை. தொகை மிகையாகவே இருக்கட்டும், உழுதவன் இல்லாமல் உலை கொதித்ததா?

இன்னொன்று கேளுங்கள். 1754ல் பிரெஞ்சுப் படை கோவிலடியைப் பிடித்து, காவிரித் தண்ணீர் கொள்ளிடத்தில் விழாமல் காத்த பெருங்கரையை வெட்டிவிட்டது. தஞ்சாவூர்ச் சீமையின் சாகுபடியைக் கெடுக்கத்தான்! பிறகு கரையை அடைக்கக் கூலிகள் போனார்கள். அவர்களுக்குக் காவலாகக் கம்பெனி பட்டாளம் அனுப்பியது. காவலுக்குப் போன காப்டன்களின் பெயர் ஏட்டில் இருக்கிறது. இடுப்பளவு தண்ணீரில் மண் சுமந்தவர்களில் ஒருவன் பெயர்கூட இல்லை. மெக்சிகோவிலும் இதே கதைதான். ஏரியில் மிதக்கவிட்ட கப்பல்களின் மரத்தை மலை தாண்டித் தோளில் சுமந்தவர்கள் ஆயிரக்கணக்கான சுதேசிகள். கோர்ட்டெஸின் கடிதத்தில் அவர்கள் வெறும் எண்ணிக்கை.

தஞ்சாவூரிலே மராட்டிய ராஜாக்களின் மோடி எழுத்து ஆவணங்கள் கட்டுக் கட்டாக இருக்கின்றன. வரவு, செலவு, கூலி எல்லாம் அவற்றிலே உண்டு. சில அச்சேறின, பல கட்டுகள் அச்சேறவில்லை. மோடி படிக்கத் தெரிந்தவர்களோ அருகிக்கொண்டே வருகிறார்கள். சர்க்கார் இளைஞர்களுக்குச் சம்பளம் கொடுத்து அந்த எழுத்தைக் கற்றுக்கொடுக்கட்டும். கட்டுகளைப் பிரித்து, கூலிக் கணக்குகளை முதலிலே அச்சிடட்டும். ராஜாக்களின் விருந்துக் கணக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.