மாத்திரையை நிறுத்தச் சொல்ல நீங்க யாரு சார்?

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, பொட்டி தட்டுறவன். ஆனா இதைக் கேட்டுட்டு சும்மா இருக்க முடியலை மக்களே.

போன வாரம் பென்னாகரம் போயிருந்தேன். அண்ணிக்கு 36 வயசு, சர்க்கரை இருக்கு, கொழுப்புக்கு அடோர்வாஸ்டாடின் போடறாங்க. கிராம நர்ஸ் குடுக்கற மாலா-என் தீர்ந்துபோய் கடையில மாலா-டி கேட்டிருக்காங்க. "கொழுப்பு மாத்திரையோட இது வேலை செய்யாதும்மா"ன்னு ஒரே போடு. "ரெண்டு மாசமா நிறுத்திட்டேன் தம்பி"ங்கறாங்க. கொழுப்பு மாத்திரை மட்டும் தவறாம நடக்குது!

விஷயம் அப்படியே தலைகீழ். அடோர்வாஸ்டாடினோட சேர்ந்தா, மாலாவில் இருக்கற எத்தினைல் எஸ்ட்ராடயாலோட அளவு ரத்தத்துல குறையறதில்ல, சுமார் 20% கூடுது. ரோசுவாஸ்டாடின்னா 26%. மருந்தோட குறிப்புச்சீட்டுலயே போட்டிருக்கான். கருத்தடையோட வலுவைக் குறைக்கக்கூடியது கோல்செவெலம் மாதிரி குடல்லயே வேலை பார்க்கற வேற ரகம். அதுக்கும் கருத்தடை மாத்திரையை 4 மணி நேரம் முன்னாடியே போட்டா போதும்.

இன்னொண்ணு. அமெரிக்க எஃப்டிஏ 2021ல் கர்ப்பத்துக்கான கடும் எச்சரிக்கையைத் தளர்த்தச் சொன்னாலும், கர்ப்பம் தெரிஞ்சா பெரும்பாலானவங்க ஸ்டாடினை நிறுத்தணும்னுதான் இன்னமும் சொல்லுது. ஸ்டாடின் போடற பொம்பளைகிட்ட போய்க் கருத்தடையைப் பிடுங்கினா என்ன அர்த்தம்?

கடைக்காரரை மட்டும் திட்டிப் பிரயோஜனமில்லை. கேட்க வேண்டிய கேள்வியே வேற. சர்க்கரை, கொழுப்பு, வயசு 35க்கு மேல. இவங்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மாத்திரையே சரியா? ரத்தம் உறையற ஆபத்து, மாரடைப்பு ஆபத்து எல்லாம் கணக்குல வரணும். ஹார்மோனே இல்லாத காப்பர்-டி அரசு ஆஸ்பத்திரியில இலவசம். ஸ்டாடின் எழுதின டாக்டர் "கருத்தடைக்கு என்னம்மா போடறே"ன்னு கேட்கலை. மாலா-என் குடுத்த நர்ஸுக்கு ஸ்டாடின் சங்கதியே தெரியாது. ரெண்டு மாட்யூலை ரெண்டு பேர் எழுதி, சேர்த்து ஒருதடவைகூட ஓட்டிப் பார்க்காத கதை.

அண்ணியாவது வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமேன்னு பின்னூட்டத்துல கேட்பீங்க. எப்படிச் சொல்வாங்க? டாக்டர் ரூம்ல ஒரு பக்கம் மாமியார், இன்னொரு பக்கம் என் அண்ணன். மாலா அட்டை இருக்கறதே அரிசி டப்பாவுக்கு அடியில!

திங்கக்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லியிருக்கேன். முதல்ல கர்ப்பப் பரிசோதனை. ரெண்டு அட்டையும் கையில இருக்கணும். உள்ளே அண்ணி மட்டும். அண்ணன் வெளியே வேப்பமரத்தடியில நிக்கட்டும்.