அத்தியாயம் தாமதமானால் மட்டும் வரும் கோபம்

இணையத்தில் தொடர்கதை படிக்கிறவர்கள் சாதுக்கள் என்று யாராவது நினைத்தால் அது தவறு. திங்கட்கிழமை வரவேண்டிய 'யூடி' வியாழக்கிழமை வந்தால் போதும், எழுதுகிறவர் பாடு திண்டாட்டம்தான். இவ்வளவு சின்ன அத்தியாயமா, கதையை ஏன் ஜவ்வு மாதிரி இழுக்கிறீர்கள், பாதியில் விட்டுவிட்டுப் போய்விட மாட்டீர்களே, இரண்டு பேரையும் எப்போது சேர்த்து வைப்பீர்கள்... கோபத்துக்கு ஒன்றும் குறைவில்லை. ஆனால் அத்தனை கோபத்தில் ஒரு துளிகூட, மூன்றாம் அத்தியாயத்தில் நாயகன் நாயகியைக் கன்னத்தில் அறைந்தானே, அதன்மேல் விழுவது அபூர்வம்.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். நாயகனுக்கு முப்பது வயதுகூட ஆகியிருக்காது, அதற்குள் ஏழெட்டுக் கம்பெனிக்கு முதலாளி. ஆறடிக்குக் குறையாத உயரம். சிரிக்க மாட்டான். நாயகி ஏழை. அவள் அப்பா வாங்கிய கடனுக்கோ, அவள் அண்ணன் செய்த தப்புக்கோ பழி வாங்க அவள் கழுத்தில் கட்டாயத் தாலி ஏறும். அப்புறம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கார் பறக்கும். புதுச்சேரிப் பக்கம் கடலோரமாக ஒரு பங்களா, அதில் ஓர் அறை, அந்த அறைக்கு வெளிப்பக்கம் பூட்டு. அவள் சம்மதத்தை யாரும் கேட்காத ஓர் இரவு. முப்பது அத்தியாயம் கழித்து, பாவம், அவனுக்குச் சின்ன வயதிலேயே அம்மா இல்லை என்று தெரியவரும். அவ்வளவுதான், கணக்கு நேர். முதல் அத்தியாயத்திலேயே 'ஆன்டி ஹீரோ கதை' என்று அறிவித்துவிட்டால் இத்தனைக்கும் உரிமம் கிடைத்துவிடுகிறது!

அந்தக் கார் பறக்கிற வழியில்தான் மரக்காணம் இருக்கிறது. சாலையிலிருந்து பார்த்தாலே உப்பளப் பாத்திகள் தெரியும். ஆண்டுத் தொடக்கத்தில் சூடுபிடிக்கிற வேலை வடகிழக்குப் பருவமழை வரும்வரைதான். வெயில் ஏறுமுன்பே இறங்கி, வாரிய உப்பைச் சுமந்து மேட்டில் குவிக்கிறவர்களில் பெண்கள் ஏராளம். மழை தொடங்கினால் வேலையும் இல்லை, கூலியும் இல்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது இந்தக் கரை முழுக்கத் தண்ணீர். கதையின் காருக்கு இதெல்லாம் ஜன்னலோர வேடிக்கை. ஏழை நாயகி வேண்டும், ஆனால் அவள் கையில் உப்பு அரித்த புண் இருக்கக் கூடாது. முதலாளியின் அலுவலகத்தில் ஏ.சி. அறையில் உட்கார்ந்திருக்கும் பி.ஏ. என்றால் சரி.

உப்பளத்துப் பெண்ணை நாயகியாக வைத்துத் தமிழில் கதை வராமலில்லை. ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி உப்பளங்களுக்குப் போய், அங்கே உள்ளவர்களைப் பார்த்துப் பேசி எழுதிய 'கரிப்பு மணிகள்' 1979இல் வந்தது. அதிலும் பொன்னாச்சி என்ற ஏழைப் பெண் உண்டு, அவளைத் தன் வசமாக்கப் பார்க்கும் அதிகாரம் உள்ள ஆணும் உண்டு. அந்த நாவல் அவனை நாயகன் என்று கூப்பிடவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். வேலை கொடுக்கிறவன் வேலை கேட்கிறவள்மேல் கை வைப்பது அங்கே கொடுமை. இங்கே அதே காரியம் சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டு, விலை உயர்ந்த சென்ட் அடித்துக்கொண்டு வந்தால் காதல்.

உடனே ஒரு பதில் தயாராக வரும்: "கற்பனைதானே, ஏன் இவ்வளவு அலட்டல்?" இந்தப் பதிலை அலட்சியமாகத் தள்ள முடியாது. இந்தக் கதைகளை எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள், படிக்கிறவர்களிலும் அப்படியே. சமையலுக்கும் தூக்கத்துக்கும் நடுவே கிடைக்கிற அரைமணி நேரத்தில், ஊரையே ஆட்டிப்படைக்கிற ஒருத்தன் கடைசியில் ஒரு பெண்ணின் முன்னால் மண்டியிட்டு அழுவதைப் படிப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. வீட்டில் ஒரு நாளும் மன்னிப்பு என்ற வார்த்தையைக் கேட்டிராதவர்களுக்கு அந்தச் சுகம் இன்னும் அதிகம். அதைக் கேலி செய்கிற மேதாவிகளுக்கு அந்த வீடுகளைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் மண்டியிடுகிற காட்சிக்கு அறை விழுகிற காட்சி எதற்கு முன்பணம்? பதினெட்டு வயதான மனைவியைக் கணவன் பலவந்தப்படுத்தினால் அது பாலியல் வன்புணர்வு ஆகாது என்ற விதிவிலக்கு, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அப்படியே இருக்கிறது. சட்டம் ஒருபக்கம் இப்படிச் சொல்ல, அதையே முதலிரவு அத்தியாயமாக வாசித்து ஐந்து நட்சத்திரம் போடுவதைக் 'கற்பனைதானே' என்று விட்டுவிட முடியுமா?

தமிழ் வாசகர்கள் எப்போதுமே இப்படி இருந்தவர்கள் அல்லர். ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' 1966இல் ஆனந்த விகடனில் வந்தது. அதிலும் மழை, அதிலும் கார், முன்பின் தெரியாத பணக்காரன், காரில் ஏறிய கல்லூரிப் பெண். இன்றைய தொடர்கள் திரும்பத் திரும்ப அரைக்கிற அதே மாவுதான். நடந்ததை அறிந்த அம்மா, மகள் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று ஏற்றுக்கொள்கிறாள். வாசகர்கள் கொதித்துப் போனார்கள், எதிர்ப்பும் ஆதரவுமாகப் பெரிய விவாதம் நடந்தது. எதிர்த்தவர்களில் பலருடைய வாதம் படுமோசம், அந்தப் பெண்ணை மன்னித்தது எப்படி என்பதுதான் அவர்கள் கவலை. இருந்தாலும் கதைக்குள் ஒரு பெண்ணுக்கு நடந்ததைப் பற்றிக் கோபப்பட்டார்கள், அடுத்த இதழ் எப்போது கடைக்கு வரும் என்பதைப் பற்றி அல்ல. அதற்கு ஜெயகாந்தன் கொடுத்த பதில்தான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. அம்மா அப்படி ஏற்றுக்கொள்ளாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கதையை அங்கிருந்து வேறு திசையில் கொண்டு போனார். தினமணி கதிரில் தொடராக வந்த அந்த நாவலுக்கு 1972ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. இத்தனைக்கும் அவர் மரக்காணத்துக்குத் தெற்கே, இதே கரையில் உள்ள கடலூர்க்காரர்.

தொடர்கதை என்றாலே குப்பை என்று மூக்கைச் சுளிக்கிறவர்கள் பக்கம் சேர வேண்டிய அவசியமும் இல்லை. 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாராவாரம் கல்கியில் வந்ததுதான். மூன்றரை ஆண்டு காத்திருந்து படித்தவர்கள், சட்டென்று முடித்துவிட்டீர்களே என்று குறைப்பட்டபோது, கல்கி தனியாக ஒரு முடிவுரை எழுதிப் பதில் சொன்னார். இணையத்தில் ஜெயமோகனின் 'வெண்முரசு' 2014 ஜனவரி முதல் 2020 ஜூலை வரை நாள்தோறும் ஓர் அத்தியாயமாக வந்து 26 நாவல்களாக முடிந்தது. வர்ணனை நீளம், சொற்கள் புரியவில்லை என்ற புகார்கள் அதற்கும் உண்டு. ஆனால் மரக்காணத்திலிருந்து ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய புதுச்சேரியில், அதைப் பேசுவதற்கென்றே வாசகர்கள் மாதந்தோறும் கூடினார்கள். பீஷ்மன் செய்தது சரியா, திரௌபதிக்கு நடந்ததற்கு யார் பொறுப்பு என்று கேட்க வைத்ததும் தொடர்கதைதான்.

காத்திருப்பது குற்றம் இல்லை. உப்பும் காத்திருந்து எடுப்பதுதான். பாத்தியில் நீரின் அடர்த்தி பாமே அளவில் 25 டிகிரி வாக்கில் வந்தால்தான் உப்பு படியும். ஆனால் 29, 30ஐத் தாண்ட விட்டால் மக்னீசியம் உப்புகளும் கூடவே இறங்கிக் கசக்கும். அதனால் எஞ்சிய நீரை அதற்கு முன்பே வெளியேற்றிவிடுகிறார்கள். தொடரை இழுப்பவர்களுக்கு இந்தக் கணக்குத் தெரியாமல் இல்லை. பிரதிலிபி போன்ற செயலிகளில் அடுத்த பாகத்துக்குப் பூட்டு, காசு கொடுத்தால் இப்போதே, இல்லையென்றால் காத்திரு என்ற ஏற்பாடு இருக்கும்போது, 40 அத்தியாயக் கதை 140 ஆகாமல் என்ன செய்யும்? பூட்டு போட்டது செயலி, திட்டு வாங்குவது எழுதுகிற பெண். வேலைக்கும் போய், பிள்ளையையும் தூங்கவைத்துவிட்டு இரவில் கைபேசியில் தட்டுகிறவரை, ஏன் லேட் என்று கேட்பதில் என்ன வீரம் இருக்கிறது?

கேட்பதற்கு வேறு கேள்விகள் இருக்கின்றன, கேட்கிற வசதியும் இருக்கிறது. அந்தக் காலத்தில் அஞ்சலட்டை எழுதிப் போட்டுவிட்டு வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். இங்கே அத்தியாயம் வந்த பத்தாவது நிமிடத்தில் எழுதியவரிடமே பேசலாம். வாசகர் கேட்டதற்காகத் துணைக் கதாபாத்திரத்துக்குக் கல்யாணம் செய்துவைத்த எழுத்தாளர்கள் உண்டு, சாகக் கிடந்தவனைப் பிழைக்க வைத்தவர்களும் உண்டு. இவ்வளவு செய்கிறவர், "அறைந்த பிறகும் அவள் ஏன் அந்த வீட்டிலேயே இருக்கிறாள், கதவைத் திறந்துகொண்டு போகச் சொல்லுங்கள்" என்று இருபது பேர் எழுதினால் காதில் போட்டுக்கொள்ளாமலா இருப்பார்? வியாழக்கிழமை வரவேண்டிய அத்தியாயத்தை அவர் புதன்கிழமை ராத்திரிதான் எழுத உட்காருகிறார்.