ப்ளைவுட் கிட்டார்ல ஜாஸ் வராதா? யார் சொன்னது?

இந்தக் கொல்கத்தாவுல கிட்டார் வாசிக்கிறவங்க நடுவுல ரொம்ப நாளா ஒரு கட்டப்பஞ்சாயத்து ஓடிட்டிருக்கு. தீர்ப்பு எப்பவும் ஒண்ணுதான். "ஜாஸ் வாசிக்கணும்னா கிப்சன் ஆர்ச்டாப் வேணும். சீனாவுல செஞ்ச ப்ளைவுட் பெட்டியெல்லாம் அதுக்கு ஆகாது." இதைச் சொல்ற முக்கால்வாசிப் பேர்கிட்ட கிப்சன் கிடையாதுங்கிறது தனிக்கதை :-)

ஆர்ச்டாப்னா என்னன்னு கேக்கறவங்களுக்கு: வயலினை மனசுல வச்சுக்குங்க. மேல்பலகை தட்டையா இல்லாம நடுவுல மேடு கட்டி வளைஞ்சிருக்கும். வட்ட ஓட்டைக்குப் பதிலா எஃப் வடிவத்துல ரெண்டு ஓட்டை. குதிரையும் வயலின்ல மாதிரிதான், பலகைல ஒட்டியிருக்காது, கம்பியோட அழுத்தத்துலயே நிக்கும். 1922ல கிப்சன் கொண்டுவந்த எல்-5தான் இந்த வகைக்கெல்லாம் முன்னோடி. அப்புறம் இதுல பிக்கப் பொருத்தி ஆம்ப்ளிஃபயர்ல சொருகினாங்க. நாம கேக்கற அந்த உருண்டையான, இதமான ஜாஸ் கிட்டார் சத்தம் அங்கேருந்து வந்தது.

என்கிட்ட இருக்கறது ஐபனெஸ் ஆர்ட்கோர் வரிசைல ஏஎஃப்75. 2002ல ஆரம்பிச்ச வரிசை அது. நான் வாங்கினது செகண்ட் ஹேண்ட். பலகை எல்லாமே மேப்பிள் ப்ளைவுட்தான். ஆபீஸ் முடிஞ்சு வந்து தினமும் ஒரு மணி நேரம் வாசிக்கிறேன். ஒரு நாளும் இதை "நல்லது வாங்கற வரைக்கும் சமாளிக்கிற கிட்டார்"னு நான் நினைச்சதில்லை.

இப்ப பஞ்சாயத்துக்கு வருவோம். ஜாஸ் கிட்டார்னா எல்லாரும் கையைக் காட்டற கிப்சன் ஈஎஸ்-175 இருக்கே, அதோட மேல்பலகை என்ன மரம் தெரியுமா? மேப்பிள் ப்ளைவுட்! 1949ல வந்தப்ப அதோட விலை 175 டாலர், பேர்ல இருக்கற நம்பரே அதுதான். முழு ஸ்ப்ரூஸ் மரத்தைச் செதுக்கிச் செய்யற எல்-5 மாதிரி கிட்டாரெல்லாம் வாங்க முடியாத ஆளுங்களுக்கும் எட்டற மாதிரி வந்த கிட்டார். ஜோ பாஸும் ஜிம் ஹாலும் அதைக் கையில எடுத்தப்புறம் அது இதிகாசம் ஆயிடுச்சு. ஆக, இன்னைக்கு "ப்ளைவுட்"னு கேலி பண்றவங்க கும்பிடற சாமியே ப்ளைவுட் சாமிதான்.

அதே ஜோ பாஸ், போதைப் பழக்கத்துலேருந்து மீள சினனான் மறுவாழ்வு இல்லத்துல இருந்தப்ப, 1962ல ஒரு ரெக்கார்டு வந்தது. அதுல அவர் வாசிச்சது ஆர்ச்டாப் கூட இல்லை, ஃபெண்டர் சாலிட் பாடி. ஈஎஸ்-175 அவர் கைக்கு வந்ததே அதுக்கப்புறம்தான். கேட்டுட்டு அது ஜாஸ் இல்லைன்னு யாராவது சொல்லட்டும் பார்ப்போம்.

ஒரு விஷயம் ஒத்துக்கணும். ஆம்ப் இல்லாம வெறும் காத்துல வாசிச்சா செதுக்கின ஸ்ப்ரூஸ் தனி ரகம்தான், அந்தக் காத்திரம் ப்ளைவுட்ல வராது. ஆனா ஆம்ப்ல சொருகிட்டா கணக்கு மாறிடும். பெட்டி ரொம்ப அதிர்ந்தா ஊளையிட ஆரம்பிக்கும். ப்ளைவுட் கம்மியா அதிர்றதால அந்தத் தொல்லையும் கம்மி. அதோட நம்ம ஊர் வானிலையையும் பாருங்க. ஜூன்லேருந்து செப்டம்பர் வரைக்கும் கொல்கத்தாவுல அப்பளமே நமுத்துப் போகுது, ஒத்தை மரப் பலகை என்ன பாடுபடும்? ஈரத்துக்கு ஊதி, வெயிலுக்குச் சுருங்கி, கடைசில விரிசல் விடும். ப்ளைவுட் அதையெல்லாம் நல்லாவே தாங்கும்.

மிச்சமாகற காசை எங்க போடணும்? முதல்ல கம்பி. விலை குறைஞ்ச ஆர்ச்டாப் பெரும்பாலும் மெல்லிசான ரவுண்ட்வவுண்ட் கம்பியோட வருது. அதைக் கழட்டிட்டு 12ஆம் கேஜ் ஃப்ளாட்வவுண்ட் போடுங்க, கிட்டாரே மாறிட்ட மாதிரி இருக்கும். மாத்தறப்ப ஒவ்வொண்ணா மாத்துங்க. மொத்தமா கழட்டினா குதிரை கையோட வந்துடும். அப்புறம் 12ஆவது ஃப்ரெட்ல (வீணைக்கு மெட்டுன்னு சொல்வோமே, அதான்) ஹார்மோனிக்கும், அழுத்தி வாசிக்கிற ஸ்வரமும் ஒண்ணா இருக்கான்னு பாருங்க. அழுத்தினா சுருதி ஏறுதுன்னா குதிரையைக் கொஞ்சம் பின்னால தள்ளுங்க. தடிமனான கம்பிக்கு நட் பள்ளத்தை ராவ வேண்டியிருந்தா ரிப்பேர்காரர்கிட்ட குடுத்துடுங்க. கழுத்துப் பக்கத்து பிக்கப், டோன் குமிழைப் பாதி குறைச்சு வைங்க. அவ்வளவுதான். மீதிக் காசு வாத்தியாருக்கு.

வாத்தியார்னதும் கார்ல்டன் கிட்டோ ஞாபகம் வர்றார். பெங்களூர்ல பிறந்து, கொல்கத்தாவுல வாழ்ந்து, 2016ல மறைஞ்சவர். ரெக்கார்டு கேட்டுக் கேட்டே பீபாப் கத்துக்கிட்டு, இங்க எத்தனையோ பேருக்குச் சொல்லிக் குடுத்தார். 'ஃபைண்டிங் கார்ல்டன்'னு ஒரு ஆவணப்படமே இருக்கு. 1991க்கு முன்னாடி வெளிநாட்டு வாத்தியம் ஒண்ணு வரவழைக்கறது என்ன பாடுன்னு பெரியவங்களைக் கேளுங்க. அந்தக் காலத்துலயே இந்த ஊர்ல ஜாஸ் வாழ்ந்துச்சு. பிராண்டைப் பார்த்துத்தான் வருவேன்னு அது அடம்பிடிக்கலை.

இதெல்லாம் ஏன் இவ்வளவு சூடா எழுதறேன்னா, லேக் மார்க்கெட் பக்கம் நம்ம தமிழ்க் குடும்பத்துப் பையன் ஒருத்தன். பதினாறு வயசு. நல்ல காது. கடைல போய்க் கேட்டிருக்கான். "கிப்சன் வாங்க வசதி இருந்தா வா, இல்லேன்னா ஜாஸை மறந்துடு"ன்னு சிரிச்சிருக்காங்க. விலையைக் கேட்ட அவங்க அப்பா, "இது நமக்கு சரிப்படாதுடா, பெரிய இடத்துச் சமாச்சாரம்"னுட்டார். அவரைக் குத்தம் சொல்ல மாட்டேன். ஊர் விட்டு ஊர் வந்து, வாடகை கட்டி, ஊருக்கும் பணம் அனுப்பறவர் லட்சக்கணக்குல எங்க போவார்? ஆனா அந்தப் பொய்யை அவர் தலைல கட்டினவங்களை எப்படிச் சும்மா விடறது? அந்தப் பையன் இப்ப கிட்டார் பக்கமே போறதில்லை.

அப்பா அம்மாக்களே, பொண்ணோ பையனோ கேட்டா விலை குறைஞ்ச ஆர்ச்டாப் ஒண்ணு தைரியமா வாங்கிக் குடுங்க. "முதல்ல இதுல ஒப்பேத்து, அப்புறம் நல்லது"ன்னு மட்டும் சொல்லாதீங்க. அது நல்ல வாத்தியம்தான். அந்தப் பையனோட அப்பாகிட்டயும் இதைத்தான் சொல்லியிருக்கேன். பையன் இந்த ஞாயித்துக்கிழமை வந்து என் ஏஎஃப்75ஐ எடுத்துட்டுப் போகட்டும், மூணு மாசம் அவன்கிட்டயே இருக்கட்டும்.