இடிந்த பாலமும் மீண்ட படமும்

மும்பை: பாலம் ஒன்று இடிந்து விழுந்தால் இந்நகரில் ஒரு வாரம் பரபரப்பு இருக்கும். விசாரணைக்கு உத்தரவு பிறக்கும். நஷ்ட ஈடு அறிவிக்கப்படும். பிறகு எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். இந்த வழக்கத்தைச் சிரிக்கச் சிரிக்கக் காட்டிய இந்திப் படம் "ஜானே பீ தோ யாரோ". 1983ல் வெளிவந்தது. பழுதுபட்டுக் கிடந்த அந்தப் படத்தை 2012ல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் சீர் செய்து திரையரங்குகளுக்குக் கொண்டுவந்தது. "சினிமாஸ் ஆஃப் இந்தியா" என்ற வரிசையில், வீட்டில் பார்ப்பதற்கான டி.வி.டி. வட்டாகவும் அது வெளிவந்தது.

ஒரு பழைய சிரிப்புப் படம் மறுபடி விற்பனைக்கு வந்ததில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். பொதுமக்கள் பணத்தில் உருவான ஒரு சொத்து எப்படிக் காக்கப்படுகிறது என்ற கேள்வி இதில் அடங்கியிருக்கிறது.

ஏழு லட்ச ரூபாய்ப் படம்

அன்றைய பம்பாயில் சிமெண்ட் என்பது பர்மிட்டில் கிடைத்த சரக்கு. சிமெண்ட் ஒதுக்கீட்டுக்கும் அறக்கட்டளைகளுக்கு வந்த நன்கொடைக்கும் தொடர்பு இருந்ததாக பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதையடுத்து 1982 ஜனவரியில் மகாராஷ்டிர முதல்வர் அந்துலே பதவி விலகினார். கட்டடம், கான்ட்ராக்ட், கமிஷன் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த அந்த நாட்களை அடுத்துத்தான் இப்படம் வந்தது.

இயக்கியவர் புனே திரைப்படக் கல்லூரியில் பயின்ற குந்தன் ஷா. அவருக்கு இது முதல் படம். பணம் போட்டது மத்திய அரசின் திரைப்பட வளர்ச்சிக் கழகம். மொத்தச் செலவு ஏறக்குறைய 7 லட்ச ரூபாய்தான். நசீருத்தீன் ஷா, ரவி பாஸ்வானி, ஓம் புரி, பங்கஜ் கபூர், சதீஷ் ஷா, பக்தி பார்வே என்று நடிகர்களோ தேர்ந்த நடிகர்கள். படத்தில் வரும் புகைப்படக் கருவிகூட நசீருத்தீன் ஷா தம் வீட்டிலிருந்து கொண்டுவந்தது.

கதை சிறியது. பிழைப்புக்காகப் புகைப்பட நிலையம் திறக்கும் இரண்டு இளைஞர்கள், தற்செயலாக எடுத்த ஒரு படத்தில் கொலை ஒன்று பதிவாகியிருப்பதைக் காண்கிறார்கள். இறந்தவர் மாநகராட்சி கமிஷனர். கொன்றவர் பெரிய கட்டட கான்ட்ராக்டர். உண்மையை வெளியிடுவதாகச் சொல்லும் பத்திரிகை ஆசிரியையோ அதை வைத்துப் பேரம் பேசுகிறார். இடையில் புதிய மேம்பாலம் இடிந்து விழுகிறது. குற்றவாளிகள் அனைவரும் கூடிச் சமரசமாகி விடுகிறார்கள். பழி இரண்டு ஏழை இளைஞர்கள் தலையில் விழுகிறது. சிறை உடையோடு அவர்கள் நகர வீதியில் நடந்து வரும்போது, பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் பாடும் நம்பிக்கைப் பாட்டு பின்னணியில் ஒலிக்கிறது. அதுவரை சிரித்த கூட்டம் அங்கே வாயடைத்துப் போகும்.

பிணத்துக்குச் சேலை கட்டித் திரௌபதியாக நாடக மேடையில் நிறுத்தும் காட்சி இந்தியா முழுவதும் பிரசித்தம். துகிலுரியும் கட்டத்தில் துச்சாதனனே துணியை உருவ முடியாமல் தவிக்க, என்ன நடக்கிறது என்று கண் தெரியாத திருதராஷ்டிரர் ஓயாமல் கேட்டுக்கொண்டிருப்பார். வட ஆற்காடு, தென் ஆற்காடு பக்கத்தில் திரௌபதி அம்மன் திருவிழாவில் விடிய விடியக் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் காட்சி புரிய இந்தி தெரிய வேண்டிய அவசியம் இல்லை.

அரசு பணத்தில் எடுத்த படம் அரசு அதிகாரிகளையே கேலி செய்தது. அதே அரசு, அறிமுக இயக்குநருக்கான தேசிய விருதையும் குந்தன் ஷாவுக்கு அளித்தது. 2015ல் அவர் அந்த விருதைத் திருப்பித் தந்தார் என்பது தனிக் கதை.

பழுது எங்கே?

முதலில் வந்தபோது இப்படம் பெரிய வசூலைக் காணவில்லை. தூர்தர்ஷனிலும் வீடியோ காசெட்டிலும் திரும்பத் திரும்பப் பார்க்கப்பட்டுத்தான் மக்கள் மனத்தில் இடம் பிடித்தது. ஆனால் காசெட்டுக்கு காசெட் நகல் எடுத்ததில் படம் மங்கியது, வசனம் கரகரத்தது. மூலப் பிரதியின் நிலையோ வேறு. பிலிம் சுருளுக்கு வெப்பமும் ஈரமும் ஆகாது. கவனிக்காமல் விட்டால் புளிக் காடியைப் போல் வாடை வீசும், சுருங்கும், நிறம் மங்கும். ஒருமுறை அழிந்த நெகடிவை எந்தப் பணத்தாலும் மீட்க முடியாது.

சீர் செய்வது என்றால் சும்மா துடைத்து வைப்பது அல்ல. நொடிக்கு 24 படங்கள் வீதம் இரண்டு மணி நேரத்துக்கே 1,72,800 படங்கள் ஆகின்றன. இவற்றைத் தனித்தனியே கம்ப்யூட்டரில் பதிவு செய்து கீறல், தூசி, கறைகளை நீக்க வேண்டும். நிறத்தைச் சரிப்படுத்த வேண்டும். ஒலியை இரைச்சல் நீக்கிச் சேர்க்க வேண்டும். 2012ல் இந்த வேலை முடிந்து படம் வந்தபோது ரவி பாஸ்வானி உயிரோடு இல்லை. 2010லேயே காலமாகி விட்டார். ஓம் புரியும் குந்தன் ஷாவும் 2017ல் மறைந்தனர். சதீஷ் கௌஷிக் 2023ல் போனார், சதீஷ் ஷா 2025ல். படம் மட்டும் புதுமெருகோடு நிற்கிறது.

வட்டு இருக்கிறது, இயந்திரம் இல்லை

ஆனால் இதோடு பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. டி.வி.டி. வட்டைப் போட்டுப் பார்க்கும் கருவி இன்று எத்தனை வீடுகளில் இருக்கிறது? ஒரு காலத்து வீடியோ காசெட்டுக்கு நேர்ந்த கதிதான் வட்டுக்கும் நேர்ந்திருக்கிறது. ஒருமுறை சீர் செய்தோம், கடமை முடிந்தது என்று இருந்தால், அடுத்த தலைமுறைக்குப் படம் மீண்டும் காணாமல் போகும். மாதச் சந்தா கட்ட வசதியுள்ளவருக்கு ஒரு வழி இருக்கலாம். தாராவியிலும் அந்தோப் ஹில்லிலும் ஒற்றை அறையில் குடியிருப்பவருக்கும் பொதுப் பணத்தில் எடுத்த படத்தில் பங்கு உண்டல்லவா?

கவனியாமல் விட்டதன் விலையை நாடு ஏற்கெனவே கொடுத்திருக்கிறது. 2003ல் புனே திரைப்படக் காப்பகத்தில் நேர்ந்த தீ விபத்தில் பழைய நைட்ரேட் சுருள்கள் எரிந்தன. தமிழர்களுக்கும் இதில் இழப்பு குறைவல்ல. தென்னாட்டின் முதல் மௌனப் படம் "கீசக வதம்", 1931ல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படம் "காளிதாஸ்" இரண்டுக்கும் இன்று பிரதி கிடையாது.

அண்மை ஆண்டுகளில் நிலைமை ஓரளவு மாறியிருக்கிறது. தேசியத் திரைப்படப் பாரம்பரிய இயக்கத்தின் கீழ் பழைய படங்களைச் சீர் செய்யும் பணி புனேயில் நடந்து வருகிறது. 2022ல் திரைப்படக் காப்பகமும் பிலிம்ஸ் டிவிஷனும் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துடன் இணைக்கப்பட்டன. குஜராத் பால் உற்பத்தியாளர்கள் 5 லட்சம் பேர் ஆளுக்கு 2 ரூபாய் போட்டு எடுத்த "மந்தன்" படம், தனியார் அறக்கட்டளை ஒன்றின் முயற்சியால் புதுப்பிக்கப்பட்டு 2024ல் கான் விழாவில் திரையிடப்பட்டது. இவையெல்லாம் வரவேற்கத்தக்கவையே.

ஆனால் விழாவில் காட்டுவது வேறு, நிரந்தரமாகப் பராமரிப்பது வேறு. 2018ல் அந்தேரியில் பாலத்தின் நடைபாதை ரயில் தண்டவாளத்தின் மீது விழுந்தது. 2019 மார்ச் 14 அன்று சத்ரபதி சிவாஜி ரயில் நிலையத்தை ஒட்டிய நடைமேம்பாலம் இடிந்து, வேலை முடிந்து வீடு திரும்பியவர்கள் மாண்டனர். சிறு பழுதுபார்ப்பு போதும் என்று ஆய்வில் எழுதிக் கொடுக்கப்பட்ட பாலம் அது. குந்தன் ஷா காட்டிய கேலி இன்னும் பழையதாகிவிடவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

செய்ய வேண்டியது கடினமல்ல. அரசு பணத்தில் உருவான ஒவ்வொரு படத்துக்கும் பராமரிப்புச் செலவை ஆண்டுதோறும் பட்ஜெட்டில் ஒதுக்க வேண்டும். சீர் செய்த படங்களைத் தூர்தர்ஷனில் குறித்த நாளில், எல்லோரும் வீட்டில் இருக்கும் நேரத்தில் ஒளிபரப்ப வேண்டும். வட்டின் காலம் போனால் அடுத்த சாதனத்துக்கு உடனே மாற்ற வேண்டும். மூலச் சுருளையோ எந்தக் காலத்திலும் கைவிடக் கூடாது.

பாலத்துக்குத் திறப்பு விழா ஒரு நாள்தான். மேற்பார்வை தினமும் வேண்டும். பாலம் இடிந்த கதையைச் சொன்ன படத்துக்கும் அதே மேற்பார்வை தேவைப்படுகிறது.