ஓலையைக் காட்டினால் மட்டும் போதுமா?

போன மாதம் என் நாத்தனார் மகள், தன் கல்லூரியில் கண்காட்சி என்று கூப்பிட்டிருந்தாள். பத்தாவதோடு நின்றுவிட்ட எனக்குக் கல்லூரி வாசல் என்றாலே ஒரு கூச்சம். ஆசையாய்க் கூப்பிடுகிறாளே என்று சமையலைச் சீக்கிரமே முடித்துவிட்டுப் போனேன்.

அங்கே வி.ஆர். கண்ணாடி என்று ஒன்றைத் தலையில் மாட்டினார்கள். நல்ல கனம். மறு நிமிஷம் பார்த்தால், எதிரே ஒரு ஓலைச்சுவடிக் கட்டு! கையை நீட்டினால் கயிறு அவிழ்கிறது, ஓலை ஒவ்வொன்றாய்ப் புரள்கிறது. எழுத்தாணி கீறின தடம்கூடத் தெரிகிறது. மியூசியத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு ஓலையை வைத்து, தொடாதே என்று எழுதியிருப்பார்கள். இதில் எத்தனை பேர் புரட்டினாலும் ஓலை உடையாது. சந்தோஷமாகத்தான் இருந்தது.

"இதுல என்னம்மா எழுதியிருக்கு?" என்று கேட்டேன்.

"தெரியலை அத்தை. ஸ்கேன் பண்ணின படம் கிடைச்சுது, அதை வச்சு செஞ்சோம்" என்றாள். யானை வந்தது, ராஜா வந்தார், மேளச் சத்தம்கூடக் கேட்டது. ஓலையில் ஒரு வரி புரியவில்லை.

பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. பழைய ஏடு படிப்பது லேசான காரியமா? ஓலை கிழிந்துவிடும் என்று எழுத்துக்குப் புள்ளியே வைக்க மாட்டார்களாம். 'க'வா, 'க்'கா என்று நாமேதான் யூகிக்க வேண்டும். 'எ'வுக்கும் 'ஏ'வுக்கும் வித்தியாசம் இருக்காது, வார்த்தைக்கு நடுவே இடமும் விட மாட்டார்கள். இப்படிப்பட்ட ஏடுகளை உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராய்த் தேடி எடுத்து, ஒன்றோடொன்று ஒத்துப் பார்த்துத்தான் 1887ல் சீவக சிந்தாமணியையும், 1894ல் புறநானூற்றையும் அச்சில் கொண்டு வந்தார். அவரும் ஓலையைக் காட்டிவிட்டு மட்டும் போயிருந்தால்?

எனக்கு ஏன் இவ்வளவு ஆதங்கம் என்றால், எங்கள் அப்பாயி வீட்டுப் பரணிலும் இரண்டு கட்டு இருந்தது. தாத்தாவுடைய அப்பா வைத்தியம் பார்த்தவர். பொம்பளைங்க தொடக்கூடாது என்று வைத்திருந்தார்களாம். வீட்டை இடித்துக் கட்டும்போது, குப்பையில் போட்டால் பாவம் என்று, ஆடிப்பெருக்கு அன்றைக்குக் காவிரியில் விடச் சொன்னார்கள். விட்டது நான்தான். எனக்கு அப்போது பத்து வயது. அதில் பேதி மருந்து இருந்ததோ, பிரசவ மருந்து இருந்ததோ! இனி எந்தக் கண்ணாடி மாட்டினாலும் தெரியப்போவதில்லை. உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஏதாவது கிடந்தால், தயவுசெய்து ஆற்றில் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இந்தக் கண்ணாடியைச் செய்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். யானையையும் ராஜாவையும் குறைத்துக்கொள்ளுங்கள். ஓலையைத் தொட்டால், அதே வரி இன்றைய எழுத்தில் கீழே வரட்டும். ஒரு குரல் நிதானமாய் வாசித்துக் காட்டட்டும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் சுவடிப் படங்கள் போனிலேயே கிடைக்கின்றன. நானும் திறந்து பார்த்தேன். என்னை மாதிரி ஆட்களுக்குப் படம் பார்ப்பதோடு சரி. வாசிக்கக் கற்றுத்தரும் கண்ணாடி ஒன்று எங்கள் ஊர் நூலகத்தில் இருந்தால், மதியம் பாத்திரம் கழுவி வைத்துவிட்டு நானே போய் உட்காருவேன்.

இதையெல்லாம் அவளிடமும் சொன்னேன். அடுத்த வருஷம் ஏடு வாசிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவரைக் கூட்டி வருகிறோம் என்றிருக்கிறாள். கூப்பிட்டால் போவேன்.

- ஒரு வாசகி, கும்பகோணம்.