வசை விமர்சனமாகாது

அரசியல் விமர்சனம் என்ற பெயரால் தமிழிலே நாள்தோறும் வந்து குவிவனவற்றை ஒரு கிழமை பொறுமையோடு படித்தும் கேட்டும் பார்ப்பவர் எவரும் ஓர் உண்மையை உணராதிருக்க முடியாது. யார் யாருக்கு விலைபோனார், எவர் எந்தத் தூதரகத்தின் ஆள், எந்தத் தலைவர் எந்தத் தலைவரோடு முகங்கொடுத்துப் பேசவில்லை என்பன பற்றிய செய்திகள் அங்கே மலிந்து கிடக்கின்றன. நெல் விளைவித்தவன் பெற்ற விலை என்ன, கடலுக்குச் சென்றவனின் வலை அறுந்தது எதனால், இராணுவத்தின் வசமுள்ள காணிகளில் எவை மீண்டன, எவை மீளவில்லை என்பன பற்றிய செய்திகளோ அரிதாகவே காணப்படுகின்றன. ஆட்கள் இருக்கின்றனர், மக்கள் இல்லை. தீர்ப்புகள் இருக்கின்றன, சான்றுகள் இல்லை.

இது வெறும் குறைகூறலன்று என்பதைக் காட்ட ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம்.

2024 நவம்பர் 14ஆம் திகதி நடைபெற்ற பொதுத் தேர்தலிலே தேசிய மக்கள் சக்தி நாடாளுமன்றத்தின் 225 ஆசனங்களில் 159ஐப் பெற்றது. கிளிநொச்சியையும் உள்ளடக்கிய யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் உள்ள 6 ஆசனங்களில் 3 அதற்குக் கிடைத்தன. மறுநாளே நமது விமர்சகர்கள் இரண்டு முகாம்களாகப் பிரிந்தனர். தமிழ்த் தேசியம் இறந்துவிட்டதென்று ஒரு சாரார் இரங்கற்பா பாடினர். தமிழ் மக்கள் தம்மைத் தாமே விற்றுவிட்டனர் என்று மற்றொரு சாரார் சாபமிட்டனர். வாக்குகளை எண்ணிப் பார்க்கவேண்டும் என்ற எண்ணம் இரு சாராருள்ளும் மிகச் சிலருக்கே எழுந்தது.

எண்கள் சொல்வது என்ன? அம்மாவட்டத்தில் செல்லுபடியான வாக்குகளில் ஏறத்தாழ 25 வீதமே தேசிய மக்கள் சக்திக்குக் கிடைத்தது. அடுத்து வந்த இலங்கைத் தமிழரசுக் கட்சி ஏறத்தாழ 19 வீதத்தைப் பெற்றது. கால்பங்கு வாக்கு அரைப்பங்கு ஆசனமானது எவ்வாறு? நமது தேர்தல் முறையிலே மாவட்டத்தில் முதலிடம் பெறும் கட்சிக்கு மேலதிக ஆசனம் ஒன்று முதலில் ஒதுக்கப்படுகிறது. 5 வீதத்துக்குக் குறைவாகப் பெற்றோரின் வாக்குகள் கணக்கிலிருந்து நீக்கப்படுகின்றன. எஞ்சிய ஆசனங்களே பகிரப்படுகின்றன. ஒரே குரலில் பேசுவதாகச் சொல்லிக்கொண்ட தமிழ்க் கட்சிகளும், அவற்றிலிருந்து பிரிந்தோரும், சுயேச்சைக் குழுக்களும் தமக்குள் வாக்கைச் சிதறடித்தபோது, சிதறாத கால்பங்கு முன்னே வந்தது. 

அப்படியாயின் நடந்தது ஒன்றுமில்லையா? உண்டு. தெற்கிலே தலைமையைக் கொண்ட கட்சிகள் முன்னரும் யாழ்ப்பாணத்தில் ஓர் ஆசனம் பெற்றதுண்டு. விகிதாசார முறையின் கீழ் முதலிடம் பெற்றது புதுமை. அவ்வாக்கை அளித்தவர் யாவர், 2022ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சி அவர்களின் அடுப்பங்கரையில் எதைச் செய்தது, பழைய தலைமைகள் மீது அவர்கள் நம்பிக்கையிழந்தது ஏன் என்பனவே ஆராயப்பட வேண்டிய வினாக்கள். இவ்வினாக்களை எழுப்பியிருந்தால் இறப்பும் இல்லை, விற்பனையும் இல்லை என்பது தெளிவாகியிருக்கும். 2025 மே மாதத்து உள்ளூராட்சித் தேர்தலிலே வடக்கின் பல சபைகளில் தமிழரசுக் கட்சி முன்னிலை பெற்றபோது, இறந்ததாகச் சொன்னவர்களுள் தாம் பிழைபட எழுதியதை ஒப்புக்கொண்டவர் எத்தனை பேர்? சபித்தவர்களோ அதே மக்களை வாழ்த்தத் தொடங்கினர். நேற்றுச் சொன்னதற்கு இன்று பொறுப்பேற்காதவன் விமர்சகன் அல்லன், குறி சொல்பவன்.

இந்த இழிநிலைக்குத் தனிமனிதரின் குணக்கேடு மட்டும் காரணமன்று. விமர்சனம் இன்று பண்டமாகிவிட்டது. கைத்தொலைபேசித் திரையிலே ஒரு காணொளியை எத்தனை பேர் பார்க்கின்றனர் என்பதைப் பொறுத்தே விளம்பர வருவாய் வருகிறது. தேர்தல் முறையை விளக்குபவனைவிட ஒருவனைத் துரோகி என்பவனுக்கே கூட்டம் சேர்கிறது. ஆகவே சந்தை வசையை வளர்க்கிறது. வசை சந்தையை வளர்க்கிறது.

‘மக்களின் கோபம் நியாயமானது, அதற்கு நாகரிகம் கற்பிப்பது மேட்டிமைத்தனம்’ என்று நண்பர் சிலர் வாதிப்பர். கோபத்தை நாம் மறுக்கவில்லை. போரில் பிள்ளையைத் தொலைத்துவிட்டு வீதியோரத்தில் நிழற்படத்தோடு அமர்ந்திருக்கும் தாயின் கோபத்தைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. ஆனால் அத்தாய் கேட்பது ஒரு வினா: என் பிள்ளை எங்கே? அவளது கோபத்தை மூலதனமாக்கிக்கொண்டவர் கேட்பதோ வினாவே அன்று. பழைய காலத்து ஏடுகளெல்லாம் பொன்னால் எழுதப்பட்டன என்றும் நாம் சொல்லவில்லை. அவற்றிலும் வசை இருந்தது. எனினும் பெயரிட்டு எழுதியவனுக்கு அடுத்த இதழிலே மறுப்பு வந்தது. மறுப்புக்கு அவன் விடையிறுக்க வேண்டியிருந்தது.

துரோகி என்ற சொல்லின் வரலாற்றையேனும் நாம் மறத்தலாகாது. 1975 யூலை 27இல் யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா சுட்டுக் கொல்லப்படுமுன் அச்சொல் மேடைகளிலே அவர்மீது எறியப்பட்டிருந்தது. 1989 செப்டெம்பர் 21இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து உடற்கூற்றியல் ஆசிரியை ராஜினி திராணகம கொல்லப்பட்டார்; எல்லாத் தரப்பினரின் வன்முறையையும் சான்றோடு பதிவுசெய்தமையே அவர் செய்தது. சான்று கேட்பவரையே பகைவராக்கும் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நாம் குருதியால் கற்றோம். கற்றதை மறந்தால் மீண்டும் கற்கவேண்டி வரும்.

சென்ற ஆண்டு உயர்தர வகுப்பு மாணாக்கரிடம் இத்தேர்தல் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னோம். நல்ல தமிழ் எழுதவல்ல மாணவி ஒருத்தி, தோற்றவர் அனைவரும் விலைபோனவர் என்று எழுதியிருந்தாள். ‘சான்று என்ன?’ என்று கேட்டோம். “எல்லாரும் அப்பிடித்தானே சொல்லினம், சேர்” என்றாள். நாம் விடையின்றி நின்றோம். அன்று காலை ஆசிரியர் ஓய்வறையிலே தேநீர்க் கோப்பையோடு நாமும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

எனவே திருத்தம் நம்மிடமிருந்தே தொடங்குதல் வேண்டும். சான்றில்லாத குற்றச்சாட்டை வகுப்பிலும் வெளியிலும் பரப்பாதிருப்போம். ஓர் எண்ணைக் கேட்டால் அது எங்கிருந்து வந்ததென்று வினவுவோம். நாம் பிழைபட்டபோது, பிழைபட்ட அதே இடத்தில் நின்று அதனைச் சொல்வோம். நமக்கு உவப்பான கட்சியையும் இதே தராசிலே நிறுப்போம். அந்த மாணவி தன் கட்டுரையை மீண்டும் எழுதினாள்; இம்முறை வாக்குக் கணக்கோடு. அவளால் முடிந்தது நம்மால் ஏன் முடியாது?